ஆணி இருந்தா சொல்லிடுங்க

இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி, கமலவேணி புளியமரத்தின் பட்டைமேல் காந்தத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். பழைய ரேடியோவின் ஸ்பீக்கரை உடைத்து எடுத்த காந்தம் அது. முழங்கால் உயரத்தில் ஆரம்பித்து மரத்தை ஒரு சுற்று வருவாள். ஒரு சாண் மேலே ஏற்றி அடுத்த சுற்று. எங்காவது காந்தம் வெடுக்கென்று ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைப்பாள். ஒட்டவில்லை என்றாலும் அவளுக்கு நிம்மதி வந்துவிடாது. காந்தத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, கூடியிருக்கிறவர்கள் பக்கம் திரும்பி வழக்கமான கேள்வியைக் கேட்பாள்.

“ஆணி இருந்தா சொல்லிடுங்க. கொக்கி, கம்பி, லாடம், எதுவா இருந்தாலும் இப்பவே சொல்லிடுங்க. அறுக்க ஆரம்பிச்சப்புறம் சொன்னீங்கன்னா எனக்கு மூஞ்சி இருக்காது.”

உடையார்பாளையத்துக்குக் கிழக்கே, முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருக்கிற அந்த ஊரில் பெட்ரோல் ரம்பம் வைத்திருப்பது அவள் ஒருத்திதான். ரம்பம் என்றால் ஆளுக்கொரு பக்கம் நின்று இழுப்பது என்று மட்டுமே அறிந்திருந்த ஊர் அது. நீளமான பிளேடைச் சுற்றிப் பல் வைத்த செயின் ஓடுகிற இந்தச் சாமானுக்குப் பெயர் வைக்கத் தெரியாமல் ‘மிஷினு’ என்று விட்டுவிட்டார்கள். அதை வைத்திருக்கிறவள் மிஷினம்மா. தபால்காரர்கூட அப்படித்தான் விசாரிக்கிறார்.

கணவர் விஷக்காய்ச்சலில் போனபிறகு முந்திரிக்காடு அவள் கைக்கு வந்தது. பாதி மரம் கிழடு. காய்ப்பு நின்றுபோய், கிளைகள் தரையில் புரண்டு, உள்ளே நுழைந்தால் சேலை கிழியும். கோடாலிக்காரர்களில் பாதிப்பேர் அரியலூர்ப் பக்கம் சிமெண்டு வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் “நாளைக்கு வரேங்க” என்பார்கள். அந்த நாளைக்கு என்பது எந்த மாதத்தில் என்று கேட்கக் கூடாது. பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் கொழுந்தன் சிவசுப்பிரமணியனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே மலை எஸ்டேட்டுகளுக்கு மிஷின் வரவழைத்து விற்கிற கடை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள்.

கடையில் கொழுந்தனின் கண் போனது முழுவதும் பெரிய மிஷின் மேல். அதன் பிளேடு அவர் இடுப்பு உயரம் இருந்தது. “வாங்குறதுதான் வாங்குறோம் அண்ணி, பெருசாவே வாங்கிடுவோம். நாலு பேரு பாத்தா ஒரு இது இருக்கணும்ல?” என்றார். கமலவேணி அந்த நாலு பேரை ஓரமாக ஒதுக்கிவிட்டு, எல்லா மிஷினிலும் பெட்ரோலும் ஆயிலும் ஊற்றி நிரப்பச் சொன்னாள். “குடத்தக் காலியாத் தூக்கிப் பாத்தா கனம் தெரியுமா?” என்றாள் கடைக்காரரிடம். பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி, ஒன்றுக்குப் போகப் பிள்ளையைத் தூக்கிப் பிடிப்பதுபோல முன்னால் நீட்டிப் பிடித்தபடி நின்றாள். பெரியதைப் பிடித்தபோது கை நடுங்கத் தொடங்கியது, கீழே வைத்துவிட்டாள். நடுங்காத ஒன்று கிடைக்கும்வரை அவள் விடவில்லை. அதற்குள் கடைக்காரர் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்.

அப்புறம் அவள் கேட்டது ஒரே கேள்வி. “விரல எடுத்தா நிக்குமா?”

கடைக்காரர் ஓட்டிக் காட்டினார். முன்கைப்பிடிக்கு மேலே இருக்கிற மறைப்பையும் காட்டினார். பிளேடின் மூக்கு எதிலாவது முட்டினால் மிஷின் முகத்துக்கு எகிறும். எகிறும்போது கை தானாக அந்த மறைப்பில் மோதும். மோதியதும் செயின் நின்றுவிடும் என்றார். மறைப்பு இல்லாத மாடல் ஒன்று பாதி விலைக்கு இருப்பதைக் கொழுந்தன் கண்டுபிடித்து வந்து சொன்னார். “எம் மூஞ்சிக்குப் பாதி வெலதான் வச்சிருக்கீங்களா தம்பி?” என்று கேட்டுவிட்டு, மறைப்பு இருந்ததையே வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் ஊர் வரும்வரை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள்.

அதைத் தூக்குவதற்கு முன் அவள் கட்டிக்கொள்கிற வேஷம் தனிக் கதை. சேலையைக் கச்சமாக இழுத்துக் கட்டி, மேலே கணவரின் முழுக்கைச் சட்டை. முந்தானை, முடி, கயிறு, தொங்குகிற எதுவும் வெளியே இருக்கக் கூடாது. தலையைச் சுற்றித் துண்டு. கணவரின் கேன்வாஸ் ஷூவுக்குள் துணி திணித்துப் போட்டுக்கொள்வாள். தொடையிலிருந்து கணுக்கால்வரை சாக்கை மடித்துச் சுற்றிக் கட்டுவாள். காதில் தேங்காயெண்ணெயில் நனைத்த பஞ்சு. கண்ணுக்குக் கணவர் திருவிழாவில் வாங்கிய கூலிங் கிளாஸ். முதல் நாள் தெருவே திரண்டு வந்து சிரித்தது. கூத்துக் கட்டக் கிளம்பியாச்சா என்று கேட்டார்கள். அடுத்த மாதமே வளைந்து கிடந்த முந்திரிக் கிளை ஒன்றை அறுத்தபோது அது விடுபட்டு விசிறி அடித்தது. மிஷின் நழுவித் தொடையில் பட்டது. செயினில் சாக்கு நார் சுற்றிக்கொண்டதால் ஒரு கீறலோடு போயிற்று. அந்தச் சாக்கைப் பார்த்தபிறகு யாரும் சிரிப்பதில்லை.

அவளுக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. மிஷினைத் தோளுக்கு மேலே தூக்க மாட்டாள். ஏணியில் ஏறிக்கொண்டு அறுக்க மாட்டாள். தனியாக ஒருநாளும் காட்டுக்குள் போக மாட்டாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அங்கமுத்து இருக்க வேண்டும். அங்கமுத்து அவள் காட்டில் வெகுகாலமாக வேலை பார்க்கிறவன். மரம் ஏறுவதில் கெட்டிக்காரன், பேய்க்கு மட்டும் பயப்படுவான். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்ற மாட்டாள். மோர் வாங்கிக் குடித்துக்கொண்டு, வந்தவர்களிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டு, மிஷின் ஆறட்டும் என்று உட்கார்ந்திருப்பாள். அவசரப்படுத்தினால் இன்னொரு டம்ளர் மோர் கேட்பாள். மிஷினை இரவல் கேட்டு வருகிறவர்களுக்கு அவள் பதில் ஒன்றேதான். “மிஷினக் கேக்காதீங்க. என்னைக் கேளுங்க, வரேன்.”

எல்லாவற்றையும்விடப் பெரிய பிடிவாதம் கோலமாவு. பெரிய மரமாக இருந்தால், மரம் விழுந்தால் எட்டுகிற தூரத்தைவிட அதிகமாக விட்டு, சுற்றிலும் கோலமாவால் ஒரு கோடு போடுவாள். கயிறு இழுக்கிற ஆளும் அதற்கு வெளியேதான். கோட்டுக்குள் அவளும் மரமும் மட்டும். யார் கால் கோட்டைத் தாண்டினாலும் மிஷின் நின்றுவிடும். பஞ்சாயத்துத் தலைவர் ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் உள்ளே வந்துவிட, மிஷினை அணைத்துவிட்டு அவர் வெளியே போகும்வரை வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இத்தனை கவனம் இருந்தும் அவளைத் தூங்கவிடாமல் செய்வது ஆணிதான். துணி காயப்போட அடித்த ஆணி, மாடு கட்ட அடித்த வளையம், சினிமாத் தட்டி மாட்டிய ஆணி, இதையெல்லாம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சொல்லாத ஆணி ஒன்று உண்டு. அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைக்குப் பேய் பிடித்தது என்றால் பூசாரியை வைத்து ஓட்டுவார்கள். ஆட்டம் அடங்கியதும் அவளை மரத்தடியில் உட்காரவைத்து, உச்சிமுடியில் ஒரு கொத்தை மரத்தோடு சேர்த்து ஆணி அடித்து, முடியைக் கத்தரித்து விடுவார்கள். பேய் மரத்தோடு நின்றுவிடும், பெண் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் அவளுக்குக் கல்யாணம் ஆகாது, ஆகியிருந்தால் அவள் மகளுக்கு ஆகாது. பட்டை வளர்ந்து ஆணியை மூடிவிடும், வீட்டார் வாயை மூடிக்கொள்வார்கள்.

போன வருஷம் பக்கத்து ஊரில் வேப்பமரம் ஒன்று. ஆணி கிடையாது என்று வீட்டுக்காரர் துண்டைப் போட்டுத் தாண்டாத குறையாகச் சொன்னார். பிளேடு பாதி இறங்கும்போது மரத்துக்குள்ளிருந்து நெருப்புப் பொறி பறந்தது. செயின் அறுந்தது. அறுந்த துண்டு அவள் காதோரமாகப் போய் மாட்டுக்கொட்டகைக் கதவில் புதைந்து நின்றது. வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, “எங்க சின்னம்மாளுக்கு அந்தக் காலத்துல ஒண்ணு அடிச்சாங்க. அதப் போயி வெளிய சொல்ல முடியுங்களா?” என்றார். கமலவேணிக்குக் கோபம்கூட வரவில்லை. பொழுது சாயும்வரை அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். காந்தம் வந்தது அதற்குப் பிறகுதான். பட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற இரும்பைத்தான் காந்தம் காட்டிக்கொடுக்கும், ஆழத்தில் போனதைக் காட்டாது. அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் வாயாலும் கேட்கிறாள்.

அங்கமுத்துவுக்கு வேறு கவலை. “ஆணியப் புடுங்கிட்டா அது வெளிய வந்துடுமேம்மா” என்பான். “பேயி வந்தா நான் பேசிக்கிறேன் அங்கமுத்து. ஆணி வந்தா யாருடா பேசறது?” என்பாள்.

இப்போது அவள் காந்தம் தடவிக்கொண்டிருந்த புளியமரம் வெளியார் மரம் இல்லை. அவள் மாமனார் வீட்டுப் பின்புறத்து மரம். வீட்டில் ஒரு பாதியில் அவளும் மறுபாதியில் கொழுந்தனும் இருக்கிறார்கள். கார்த்திகையில் அடித்த புயலில் மரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து, சமையலறை ஓட்டுக்கு மேலே கவிந்து நின்றது. தை முடிவதற்குள் அந்த இடத்தில் கல்யாணப் பந்தல் போட வேண்டும். கல்யாணம் நாத்தனார் புஷ்பவல்லியின் மகளுக்கு. திருமழபாடியில் வாழ்க்கைப்பட்டவள் புஷ்பவல்லி. மாப்பிள்ளை இந்த ஊர், அடுத்த தெரு. ஆகவே தாய்மாமன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்திருந்தார்கள். பரிசம் இன்னும் போடவில்லை.

புஷ்பவல்லியும் அவள் கணவர் வைத்திலிங்கமும் முந்தின நாளே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு அத்தையான சிந்தாமணி, மரம் அறுக்கிற வேடிக்கையைப் பார்க்கிற சாக்கில் வந்து கைகட்டி நின்றாள். அந்த ஊரில் எந்தச் செய்தியும் சிந்தாமணியைத் தொடாமல் அடுத்த தெருவுக்குப் போனதில்லை. வாய் கெட்டது, மனசு அவ்வளவு மோசமில்லை என்று அவளைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். தெரியாதவர்கள் அவளிடம் எச்சரிக்கையாக இருப்பார்கள்.

காந்தம் எங்கும் ஒட்டவில்லை. கமலவேணி எல்லாரையும் பார்த்துக் கேள்வியைக் கேட்டாள்.

“ஆணி இருந்தா…”

“நம்ம வூட்டு மரத்துல எவன் அண்ணி ஆணி அடிக்கப்போறான்? ஒண்ணும் கெடையாது. நீங்க ஆரம்பிங்க” என்றார் கொழுந்தன்.

அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. பொய் சொல்கிறவர்கள் அவசரமாகச் சொல்வார்கள் என்று அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தவள், ஒரு கணம் அவரையே பார்த்தாள். அவர் கயிற்றின் முடிச்சைச் சரிபார்க்கக் குனிந்துவிட்டார். வெளியாராக இருந்தால் இன்னொரு தரம் கேட்டிருப்பாள். சொந்தக் கொழுந்தன், கூடவே கோயம்புத்தூர் வந்தவர், போன வருஷத்து செயின் துண்டைக் கையில் வைத்துப் பார்த்து உச்சுக்கொட்டியவர். அவரை எப்படிச் சந்தேகப்படுவது?

சமையலறைக் கதவோரம் புஷ்பவல்லி நின்றுகொண்டிருந்தாள். கேள்வி வந்தபோது அவள் கை தன்னையறியாமல் தலைக்குப் பின்னால் போய்க் கொண்டைக்கு மேலே தடவியது.

“தலவலியா புஷ்பம்? உள்ள போயிப் படு. சத்தம் ஆவாது உனக்கு.”

“இல்ல அண்ணி. சும்மாதான்.”

புஷ்பவல்லிக்கு அந்த மரத்தோடு என்ன பகையோ, இத்தனை வருஷத்தில் அந்த மரத்துப் புளியை அவள் ஊருக்கு எடுத்துப்போனதே இல்லை. பானையில் அடைத்து வைத்திருந்தாலும், “கரைச்சா கறுத்துப் போவுது அண்ணி” என்று சொல்லி விட்டுவிட்டுப் போவாள். கமலவேணி அதை ருசி விஷயம் என்றே நினைத்திருந்தாள். அவள் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது புஷ்பவல்லிக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அதற்கு முந்திய கதைகளை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

வேலை தொடங்கியது. அங்கமுத்து காலையிலேயே மேலே ஏறி, வீட்டுப் பக்கம் தாழ்ந்திருந்த கிளைகளை வெட்டிக் கனத்தைக் குறைத்திருந்தான். உச்சியில் வடம் கட்டி, எதிரே இருந்த பனைமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். கொழுந்தனும் வைத்திலிங்கமும் முன்னால், அங்கமுத்துவும் மற்றவர்களும் பின்னால். மரம் சாய்ந்திருப்பது வீட்டைப் பார்த்து. விழ வேண்டியது களத்தைப் பார்த்து. அந்தக் கயிற்றையும் அவள் கையையும் நம்பித்தான் வீடு நின்றது. கமலவேணி தான் ஓட்டம் பிடிக்க வேண்டிய வழியைச் செருப்பு, கல், முள் இல்லாமல் பெருக்கிவைத்து, ஒருதரம் நடந்தும் பார்த்துக்கொண்டாள். கோலமாவுக் கோட்டைச் சமையலறைச் சுவர்வரை கொண்டுவந்து முடித்தாள். கூலிங் கிளாஸை மாட்டினாள்.

அடிமரத்தில் வேர்முண்டும் கல்லுமாக இருந்ததால் இடுப்பு உயரத்தில்தான் அறுக்க முடியும். முதலில் களத்துப் பக்கம். மரம் எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கத்தில் ஒரு துண்டை அறுத்து எடுத்து வாய் திறக்க வேண்டும். மிஷின் கத்தியது. புளியமரத்தின் சிவந்த தூள் அவள் ஷூவின் மேல் குவிந்தது. துண்டு கழன்று விழுந்தது. மரம் இலேசாக முனகியது, வடம் விறைத்தது. சிந்தாமணி கட்டியிருந்த கையை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கமலவேணி மிஷினை அணைத்து, சுற்றி வந்து, வீட்டுப் பக்கம் நின்றாள். அவளுக்கு எப்போதும் பயம் வருகிற இடம் இது. வாய் திறந்த மரத்தின் முதுகை அறுக்க வேண்டும். பாதி அறுத்த மரத்துக்குப் பின்வாங்கத் தெரியாது, மனுஷிதான் பின்வாங்க வேண்டும். முகம் மரத்துக்கு ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில் இருக்கும். பயத்தை அவள் மறைப்பதில்லை. “பயந்துகிட்டேதான் புடிக்கணும். பயம் போயிடுச்சுன்னா அன்னைக்கே மிஷினத் தூக்கிக் கெணத்துல போட்டுறணும்” என்று சொல்வாள்.

மிஷினைத் தரையில் வைத்து, பிடியைக் காலால் மிதித்து, அதைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. தூக்கினாள். செயின் பட்டையைத் தொட்டதும் தூள் பறந்தது. இன்னும் ஒரு விரற்கடைகூட இறங்கியிருக்காது. கண்ணோரத்தில் மாம்பழ நிறச் சேலை ஒன்று கோலமாவுக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தது.

விரலை எடுத்தாள். மணிக்கட்டால் மறைப்பைத் தள்ளினாள். மிஷினை அணைத்தாள். மூன்றும் ஒரே மூச்சில் நடந்தன. சத்தம் நின்றதும் மரம் முனகுவது எல்லாருக்கும் கேட்டது.

“புஷ்பம்! வெளிய போ! கோட்டுக்கு வெளிய போ!”

புஷ்பவல்லி நிற்கவில்லை. தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரியும் இல்லை. தெளிவாகத்தான் நடந்து வந்தாள். மரத்துக்கு வந்து, திரும்பி, சேலையை ஒதுக்கிக்கொண்டு, மரத்தூளின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதுகை மரத்தில் சாய்த்தாள். சாய்ந்த மரத்தின் முழுக் கனமும் அவள் தலைக்கு நேர் மேலே நின்றது.

“கயித்த விட்டுறாதீங்க! யாரும் அசையாதீங்க! இறுக்கிப் புடிங்க!” என்று கத்தினாள் கமலவேணி. பிறகு தணிந்த குரலில், “எந்திரிம்மா. என்னம்மா இது? எந்திரி தாயீ” என்றாள்.

“அவளுக்குத் தல சுத்துது போல அண்ணி!” கயிற்றுப் பக்கத்திலிருந்து கொழுந்தனின் குரல் கிறீச்சிட்டது. “புஷ்பா! எந்திரிச்சு உள்ள போ! பேசாம உள்ள போ!”

அந்தக் குரலில் இருந்தது தங்கையைப் பற்றிய பயம் மட்டும் இல்லை. கமலவேணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். இத்தனை வருஷத்தில் ஆணி துருப்பிடித்து மண்ணாகப் போயிருக்கும் என்று அவர் தனக்குத் தானே சொல்லிச் சமாதானம் செய்திருப்பார். தங்கை மகள் கல்யாணம் நிற்கக் கூடாது, தங்கை பெயர் கெடக் கூடாது. அண்ணியின் முகம் அந்தக் கணக்கில் வரவில்லை. அவளுக்கு மிஷினை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

போகவில்லை. உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். தலை மரத்தில் சாய்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். தான் இப்போது பிளேடை வைத்த கீறலுக்கு நேராக இருந்தது புஷ்பவல்லியின் உச்சி. கறுத்துப்போகிற புளி, கொண்டைக்கு மேலே போன கை, எல்லாம் கமலவேணிக்கு விளங்கிவிட்டன. கோட்டுக்கு வெளியே சிந்தாமணி கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பதும் தெரிந்தது.

மிஷினை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, சிந்தாமணிக்குக் கேட்கும்படியாகவே உரக்கக் கேட்டாள். “ஊஞ்சக் கொக்கியா புஷ்பம்? சின்னப் புள்ளையில நீங்கள்லாம் ஊஞ்ச கட்டுன எடமா இது? கொக்கி உள்ளயே நின்னுடுச்சா?”

ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். கமலவேணி கண்ணாலும் அதையே கெஞ்சினாள். புஷ்பவல்லி அவளை அண்ணாந்து பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது, குரல் மட்டும் பிசிறவில்லை.

“இல்ல அண்ணி. ஆணி. எனக்கு அடிச்சது. இப்படித்தான் உக்கார வச்சாங்க. மூணு ஆணி.”

வடம் பனைமரத்தில் உரசியது. கொழுந்தன் கயிற்றைப் பிடித்தபடியே முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

“சொல்லாம இருந்துடலாம்னுதான் அண்ணி கதவுக்குப் பின்னால நின்னேன்” என்றாள் புஷ்பவல்லி. “நீங்க காதுல பஞ்சு வச்சதப் பாத்தேன். நான் அப்புறம் கத்துனாலும் உங்களுக்குக் கேக்காதேன்னு வந்துட்டேன்.”

சிந்தாமணி வாயைத் திறந்தாள். கமலவேணி திரும்பிப் பார்த்த பார்வையில், சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு, கோட்டைவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

கமலவேணி வைத்திலிங்கத்தைப் பார்க்கப் பயந்தாள். கல்யாணமாகி இவ்வளவு காலம் கழித்து, இத்தனை பேருக்கு நடுவில், கயிறும் கையுமாக நின்றபடி தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியா இது? கயிற்றை விட்டுவிட்டுப் போய்விட்டால் மரமும் வரும், எல்லாமும் வரும். அவர் முகம் வெளுத்திருந்தது. மனைவியைப் பார்த்தார், மேலே கவிந்து நின்ற மரத்தைப் பார்த்தார். வடத்தை இன்னும் ஒரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றினார்.

“எடத்தக் குறிச்சுக்கிட்டு அவள வெளிய அனுப்புங்க தங்கச்சி” என்றார். “நாங்க புடிச்சிருக்கோம்.”

கமலவேணி மரத்தூளில் மண்டியிட்டாள். இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்துப் போட்டாள். இடது கையைப் புஷ்பவல்லியின் கொண்டைக்கும் மரப்பட்டைக்கும் நடுவே நுழைத்து, அவள் தலை மரத்தில் படாதபடி உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு, வலது கையால் சட்டைப் பையிலிருந்த கோலமாவைத் தொட்டு, அவள் உச்சிக்கு மேலே ஒரு கோடு இழுத்தாள்.